தேறட்டும் என்று காத்திருக்கலாமா?



இன்றைய பேச்சு ஒரு சின்னக் குழந்தையைப் பற்றியது. வயது ஒன்று அல்லது ஒன்றரை இருக்கும். பிறக்கும்போதே இதயத்தில் குறை. வளர்ச்சியும் மெதுவாக இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் எழுந்து உட்காரும் வயதில் இந்தப் பிள்ளைக்குக் கழுத்தே சரியாக நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகள் நடக்கும் வயதில் இது இன்னும் உட்காரவில்லை. பால் குடித்தால் வியர்க்கிறது. மாதத்துக்கு ஒரு முறை சளி, காய்ச்சல். எடை ஏறவே இல்லை.

இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாரும் சொல்லும் ஒரு சொல் உண்டு. "கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்." அன்பினால் சொல்லும் சொல்தான். பயத்தினாலும் சொல்வது. அது சரியான சொல்லா என்று இன்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. எல்லாமே பெரிய குறை அல்ல. சில தானாகவே சரியாகிவிடும். சிலவற்றுக்கு மருந்து போதும். சிலவற்றுக்கு அறுவை சிகிச்சை வேண்டும். எது எந்த வகை என்பதை வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. "எக்கோ" என்று ஒரு சோதனை உண்டு. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுப்பது போலவே குழந்தையின் மார்பின் மேல் ஒரு பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. இதயம் துடிப்பது திரையில் தெரியும்.

இதயம் எவ்வளவு பெரிது? அந்தக் குழந்தையின் கையை மூடினால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. அது நாலு அறை உள்ள வீடு. வலது பக்கம் இரண்டு அறை, இடது பக்கம் இரண்டு அறை, நடுவில் சுவர். உடம்பெல்லாம் சுற்றி வந்த கெட்ட ரத்தம் வலது பக்கம் வரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரலில் காற்றைப் பெற்று நல்ல ரத்தமாக இடது பக்கம் வரும். இடது பக்கம் அதை உடம்பு முழுவதற்கும் தள்ளும். நடுச்சுவர் முழுதாக இருந்தால் நல்லதும் கெட்டதும் கலக்காது.

சுவரில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? இடது பக்கத்துக்கு வலு அதிகம். ஆகவே அங்கிருக்கும் நல்ல ரத்தம் ஓட்டை வழியாக வலது பக்கம் பாயும். பாய்ந்து மறுபடி நுரையீரலுக்கே போகும். போன ரத்தமே திரும்பத் திரும்பப் போகும். வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீர் வரப்பு உடைந்து பக்கத்துக் கிடங்கிலேயே நிரம்புவது போல. நுரையீரல் ரத்தத்தால் நிறைந்து கனத்துவிடும். அதனால்தான் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. அதனால்தான் அடிக்கடி நிமோனியா வருகிறது. இதயம் இரண்டு மடங்கு வேலை செய்கிறது. குழந்தை சாப்பிடும் கொஞ்சச் சாப்பாடும் அந்த வேலைக்கே செலவாகிறது. உடம்பில் ஒட்ட மிச்சம் எதுவும் இல்லை.

இங்கேதான் "தேறட்டும்" என்ற சொல் தவறிவிடுகிறது. குழந்தை தேறாமல் இருப்பதற்குக் காரணமே அந்த ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் தேற வேண்டும் என்றால் எப்படித் தேறும்? ஓட்டை உள்ள குடத்தில் நிறையட்டும் என்று காத்திருப்பது போல ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. இது முக்கியமானது. பெரிய ஓட்டையை அப்படியே விட்டால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் அந்த வேகத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துப் போகும். இறுகிவிடும். ஒரு கட்டத்தில் ரத்தம் எதிர்ப்பக்கமாகப் பாயத் தொடங்கும். உதடும் நகமும் நீலமாகும். அந்த நிலை வந்துவிட்டால் பிறகு ஓட்டையை அடைக்க முடியாது. அடைத்தால் ஆபத்து. பணம் இருந்தாலும் முடியாது, பெரிய மருத்துவர் இருந்தாலும் முடியாது. ஆகவே இந்த நோயில் பணத்தைவிட நாளுக்குத்தான் விலை அதிகம்.

மூணாறு மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. கேரளத்தில் இருந்தாலும் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வேலை செய்கின்றன. அப்படி ஒரு லயத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா கொழுந்து பறிக்கிறாள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மாமியார் வீட்டில் இருக்கிறாள். பாப்பாவுக்கு 14 மாதம். எடை 6 கிலோ. அந்த வயதுப் பெண் குழந்தை சாதாரணமாக 9 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். அங்கன்வாடி அட்டையில் பாப்பாவின் புள்ளி பச்சைப் பட்டையில் இல்லை, மஞ்சளிலும் இல்லை. ஆரஞ்சுப் பட்டையில் விழுகிறது.

பாப்பாவுக்குக் கண்கள் கொஞ்சம் சரிந்திருக்கின்றன. மூக்கு தட்டை. தூக்கினால் துணி மாதிரித் துவள்கிறாள். இதற்கு டவுன் சின்ட்ரோம் என்று பெயர். 1866-ல் இதை விவரித்து எழுதிய டவுன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரால் வந்தது. நம் உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் 46 உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு 47. இருபத்தொன்றாம் இழை இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது. 1959-ல்தான் இது தெரிய வந்தது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்திலும் குறை இருக்கும். ஆகவே அழுதாலும் சிரித்தாலும், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்தக் குழந்தைகள் எல்லாருக்கும் பிறந்ததும் எக்கோ எடுக்க வேண்டும். இவர்களுக்கு நுரையீரல் குழாய் இறுகுவதும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் நடக்கும். நடுச்சுவர் மேலும் கீழும் முழுவதும் திறந்திருக்கும் வகை என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ளேயே அறுவை செய்ய மருத்துவர்கள் விரும்புவார்கள்.

இனி அந்த வீட்டுப் பேச்சைக் கேளுங்கள்.

"கிரகணத்தன்னிக்கு வெளியே போனியே, அப்பவே சொன்னேன்" என்கிறாள் மாமியார். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தாயின் ராசிக்கும் இல்லை. கர்ப்பத்தில் அவள் தூக்கிய கூடைக்கும் இல்லை. அந்த மூன்றாவது இழை கரு உண்டாகும்போதே சேர்ந்துவிடுகிறது. யாரும் செய்ததல்ல. தாய்க்கு வயது கூடக்கூட இது வரும் வாய்ப்பும் கூடும் என்பது உண்மை. ஆனால் இளம் தாய்மார்களே அதிகம் பிள்ளை பெறுகிறார்கள். அதனால் எண்ணிக்கையில் பார்த்தால் இந்தக் குழந்தைகளின் தாய்மார்களும் பெரும்பாலும் இளம் வயதுக்காரர்களே. பழி சொல்வதால் குழந்தைக்கு ஒரு கிராம் எடைகூட ஏறப்போவதில்லை. தாய்க்குச் சாப்பாடு இறங்காமல் போவதுதான் மிச்சம்.

அம்மா மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் தேறட்டும்டி. இந்த உடம்பு கத்தியைத் தாங்குமா?"

"தேறணும்னாத்தான் அத்தை போகணும்னு சொல்றாங்க."

பக்கத்து லயத்துச் சித்தப்பா வேறு ஒன்று சொல்கிறார். "எப்படியும் புத்தி மட்டாத்தானே இருக்கப்போவுது. அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு?"

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர் சிலர். மனசுக்குள் கேட்பவர் பலர். அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். வெளிநாடுகளிலும் 1970-கள் வரை, சில இடங்களில் அதற்குப் பிறகும், "இந்தக் குழந்தைகளுக்கு இதய அறுவை தேவையில்லை" என்று மருத்துவர்களே விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டித்தான் இருந்தது. இன்று அது 60 வயதை ஒட்டி இருக்கிறது. மந்திரம் எதுவும் நடக்கவில்லை. மற்றக் குழந்தைகளுக்குச் செய்ததை இவர்களுக்கும் செய்தார்கள், அவ்வளவுதான். அவர்களில் பலர் பள்ளிக்குப் போகிறார்கள், தன் வேலையைத் தானே செய்கிறார்கள், சிலர் சம்பளத்துக்கு வேலையும் பார்க்கிறார்கள். புத்தி மெதுவாக இருப்பது வேறு. மூச்சுக்குத் திணறுவது வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கவனிக்காமல் விடுவது நியாயம் அல்ல. சட்டமும் அப்படி விடச் சொல்லவில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான மருத்துவ உரிமை உண்டு என்கிறது.

உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கும் ஒரு கதை உண்டு. 1944 நவம்பர் 29. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. நீலமாகிப்போன ஒரு பெண் குழந்தைக்கு அறுவை நடக்கிறது. வயது 15 மாதம், எடை ஏறத்தாழ 4 கிலோ. அறுவை செய்தவர் பிளேலாக். செய்யலாம் என்ற யோசனையைக் கொடுத்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர். பிளேலாக்கின் பின்னால் ஒரு சிறு முக்காலி மேல் ஏறி நின்று, எந்த இடத்தில் எப்படித் தையல் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். அவர் மருத்துவர் அல்ல. தச்சு வேலை பார்த்த கறுப்பு இளைஞர். கல்லூரிக்குச் சேர்த்துவைத்த பணம் வங்கி முறிந்ததில் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்து கையாலும் கண்ணாலும் கற்றுக்கொண்டவர். அந்த முதல் குழந்தை சில மாதங்கள்தான் வாழ்ந்தாள். ஆனால் வழி திறந்துவிட்டது. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள். 1976-ல் அதே பல்கலைக்கழகம் தாமசுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இன்று பிறந்து சில நாளான குழந்தைக்கும் இதய அறுவை செய்கிறார்கள். எடை குறைவு என்பதற்காக யாரும் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அறுவைக்கு எந்த நாள் சரி என்று இதய மருத்துவர் சொல்லட்டும். அதை லயமும் தெருவும் முடிவு செய்ய வேண்டாம்.

சரி, எங்கே போவது? பணத்துக்கு என்ன வழி?

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்று உண்டு. சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நாலையும் பார்ப்பார்கள். குறை இருந்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை மருத்துவரும் பயிற்சி கொடுப்பவர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். பிறவி இதயக் குறைக்கான அறுவையும் இந்தத் திட்டத்தில் சேரும். கேரளத்தில் இதற்கென்றே "ஹிருத்யம்" என்ற திட்டம் 2017 முதல் நடக்கிறது. குழந்தையின் பெயரைப் பதிந்தால், எவ்வளவு அவசரம் என்று பார்த்து மருத்துவமனையை ஒதுக்குவார்கள். 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. புட்டபர்த்தியிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் உள்ள சத்ய சாயி மருத்துவமனைகளில் இதய அறுவைக்குக் கட்டணமே இல்லை. இதய அறுவைக்காகப் போகும் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அங்கன்வாடி டீச்சரிடமோ ஆஷாவிடமோ போய், "என் பிள்ளைக்கு எக்கோ எடுக்கணும், எங்கே அனுப்புவீங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். அவர் அடுத்த படியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாளும் கேளுங்கள்.

அறுவைக்கு நாள் குறித்த பிறகும் சில வாரம், சில மாதம் காத்திருக்க நேரலாம். அந்த நாட்களைத் தாண்டுவதுதான் தாய்க்குப் பெரிய வேலை. இதில் எழுத்தும் எண்ணும் கைகொடுக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அதில் மூன்று விஷயம் எழுதினால் போதும். தேதி போட்டு எடை. தேதி போட்டு மருந்து. குழந்தை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்ற கணக்கு.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நுரையீரலில் நிற்கும் நீரைச் சிறுநீராக இறக்குவதற்கும், இதயத்துக்கு வலுக் கொடுப்பதற்கும் மருந்து தருவார்கள். சொட்டுக் கணக்கு, மில்லிக் கணக்கு. சீட்டில் 0.5 மி.லி. என்று இருந்தால் அரை மில்லி. புள்ளியைக் கவனிக்காமல் 5 மி.லி. கொடுத்தால் பத்து மடங்கு ஆகிவிடும். உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கிடைக்கும். செவிலியரிடம், "எந்தக் கோடு வரைக்கும் சிஸ்டர்?" என்று கேட்டு, அந்தக் கோட்டில் பேனாவால் அடையாளம் போடச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யார் கொடுத்தாலும் அந்த அடையாளத்தைப் பார்த்தே கொடுக்கட்டும். கொடுத்ததும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். அம்மா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று இரண்டு முறை கொடுத்துவிடும் தவறு அப்போது நடக்காது. குழந்தை மருந்தைக் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கலாமா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மூச்சை எண்ணுவது எளிது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. இதயக் குறை உள்ள குழந்தைக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வழக்கமான எண் எவ்வளவு என்று நோட்டில் இருந்தால், இன்று கூடியிருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். கூடியிருந்தாலும், விலா எலும்புக்குக் கீழ் குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சில குழந்தைகளுக்கு வேறு வகைக் குறை இருக்கும். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகி, உடம்பு நீலமாகும் வகை. அழும்போதோ காலையில் எழுந்ததுமோ திடீரென்று நீலம் கூடி மூச்சிரைக்கும். அப்போது குழந்தையின் இரண்டு முழங்காலையும் மடக்கி மார்போடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். கத்திக் கூச்சல் போடாமல் சமாதானப்படுத்துங்கள். பிடித்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வாந்திபேதி வந்தாலும் இந்தக் குழந்தைகளுக்கு உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகிவிடும்.

சாப்பாட்டை ஒரே தடவையில் திணிக்க முடியாது. இரண்டு வாய் குடித்தாலே களைத்துப் போகும் குழந்தை அது. தலைப்பக்கம் உயர்த்தி மடியில் சாய்த்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை கொடுங்கள். அளவைக் கூட்ட முடியாது என்றால் சத்தைக் கூட்டலாம். கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு கரண்டி நெய்யோ தேங்காய் எண்ணெயோ சேருங்கள். வேகவைத்த முட்டையின் மஞ்சளை மசித்து ஊட்டுங்கள். தாய்ப்பால் இருந்தால் நிறுத்த வேண்டாம். தடுப்பூசி எதையும் விட வேண்டாம். நிமோனியாவைத் தடுக்கும் ஊசி 2021 முதல் நாடு முழுவதும் அரசு மையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. பல் முளைத்ததும் காலையும் இரவும் தேய்த்துவிடுங்கள். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தில் ஏறி இதயத்தில் போய்த் தங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

இதயத்தைப் பற்றியே பேசினால் வளர்ச்சி மறந்துவிடும். பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. "இதயக்கோளாறு பிள்ளை, அலட்ட வேண்டாம்" என்று நாள் முழுவதும் தொட்டிலிலேயே போட்டுவைக்கிறார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக் கூரை மட்டும்தான் தெரியும். கழுத்தும் முதுகும் பலப்பட வழி இல்லை. பேச்சு கேட்க ஆள் இல்லை. மெதுவான பிள்ளை இன்னும் மெதுவாகிறது.

திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் ஓர் எளிய அட்டவணையைத் தயாரித்தது. பிறந்தது முதல் இரண்டு வயது வரை 17 செயல்கள் அதில் இருக்கின்றன. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, ஒரு கைப் பொருளை மறு கைக்கு மாற்றுவது, பிடித்துக்கொண்டு நிற்பது, கை தட்டுவது, தானே நடப்பது, இரண்டு வார்த்தை சொல்வது, இப்படிப் போகும். குழந்தையின் வயது எதுவோ அந்த இடத்தில் ஒரு பென்சிலை நேராக நிறுத்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முழுவதும் இருக்கும் செயல்களைக் குழந்தை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். படிக்கத் தெரிந்த எந்தத் தாயும் இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த அட்டவணை மார்க் போடுவதற்கு அல்ல. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டித்தான் நடக்கும். சில குழந்தைகள் மூன்று, நாலு வயதிலும் நடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் அழுகைதான் வரும். போன மாதத்து நோட்டோடு ஒப்பிடுங்கள்.

செய்ய வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது. பழைய சேலையைச் சுருட்டிக் குழந்தையின் மார்புக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுக்க வைத்து, முன்னால் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். களைப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு மறுபடி செய்யலாம். சுவரின் மூலையில் தலையணை அணைத்து உட்கார வையுங்கள். மடியில் வைத்துச் சாய்ந்தாடுங்கள். கையைப் பிடித்து வீசி ஆட்டுங்கள். நம் பாட்டிமார் காலங்காலமாக ஆடிய ஆட்டங்களைத்தான் மையத்தில் பயிற்சி என்று சொல்லித்தருகிறார்கள். இந்த விஷயத்தில் அந்த மாமியாருக்குத்தான் மருமகளைவிட அதிகம் தெரியும். சோறு என்று சொல்லிக்கொண்டே வாயருகே கைகொண்டு போய்க் காட்டுங்கள். சொல் வருவதற்கு முன்னால் சைகை வரும். சைகை வந்த குழந்தைக்குப் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். சக்கர வண்டியில் உட்கார வைத்துத் தள்ளவிட வேண்டாம், அதில் கால் பழகாது, விழுந்தால் அடிதான்.

காது, கண், தைராய்டு மூன்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காதில் நீர் கோத்துக் கேட்காமல் போவது உண்டு. கேட்காத பிள்ளையைப் புத்தி இல்லாத பிள்ளை என்று சொல்லிவிடுவோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் மூளை வளர்ச்சி பின்தங்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தினம் ஒரு மாத்திரைதான் மருந்து. பிறந்ததும், 6 மாதத்திலும், ஒரு வயதிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

மூணாற்றுப் பாப்பாவுக்குக் கொச்சியில் ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்பா லீவு போட்டுக் கூடவே போக வேண்டும். தாயைத் தனியே அனுப்பிவிட்டுப் பணம் மட்டும் அனுப்புவது சரியில்லை. அறுவைக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். படியுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் படியுங்கள். வேறு மொழியில் இருந்தால் தமிழ் தெரிந்தவரைக் கொண்டு படித்துச் சொல்லச் சொல்லுங்கள். என்ன அறுவை, என்ன ஆபத்து, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கேளுங்கள். ஆபத்தே இல்லாத அறுவை கிடையாது. அதை மறைக்காமல் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

அறுவை நடக்கும்போது இதயத்தின் வேலையை ஓர் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஓட்டையில் ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள். சில வகை ஓட்டையை மார்பைத் திறக்காமலே தொடை ரத்தக் குழாய் வழியாகக் குடை போன்ற ஒரு சிறு கருவியைச் செலுத்தி அடைத்துவிடலாம். முதல் முறை தீவிர சிகிச்சை அறையில் பார்க்கும்போது உடம்பெல்லாம் குழாயாக இருக்கும். தாய்மார்கள் மயங்கி விழுவது உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. அந்தக் குழாய்கள் நாளுக்கு ஒன்றாகக் குறைந்துவரும்.

வீட்டுக்கு வந்ததும் ஆறு முதல் எட்டு வாரம் வரை கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. மார்பெலும்பு கூட அவ்வளவு நாள் ஆகும். ஒரு கை முதுகுக்கும் இன்னொரு கை இடுப்புக்கும் கீழே கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும். பார்க்க வரும் உறவினர் எல்லாரும் ஆசையாகத் தூக்குவார்கள். வாசலிலேயே சொல்லிவிடுங்கள். குப்புறப் படுக்க வைக்கும் ஆட்டத்தை மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

பல குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் பசி வரும். எடை ஏறும். விளையாட்டில் ஆசை வரும். அதற்காக டவுன் சின்ட்ரோம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அது போகாது. பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டால் கிடைத்த பலன் பாதியில் நிற்கும். மாவட்ட மருத்துவக் குழுவிடம் சான்று பெற்று, மாற்றுத் திறனாளி அட்டை எடுத்துவையுங்கள். பள்ளியில் சேர்க்கும்போதும் உதவித்தொகைக்கும் அது வேண்டும்.

அடுத்த குழந்தை பெறலாமா என்று பலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பெறலாம். ஆனால் முதலில் மருத்துவரிடம் பாப்பாவின் குரோமோசோம் சோதனைத் தாளைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. கர்ப்பம் தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும். ருபெல்லா அம்மைக்கான தடுப்பூசி போடாதவர்கள் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தில் அந்த அம்மை வந்தால் குழந்தையின் இதயம், கண், காது மூன்றும் பாதிக்கும். சர்க்கரை நோய் இருந்தால் முன்பே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஐந்தாம் மாதத்தை ஒட்டி வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் இதயத்தை எக்கோவில் பார்க்க முடியும். போகும்போது பழைய நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.